ஆளில்லாத அறையில் ஆள் இருப்பதாகச் சொல்லலாமா? உளவியல் ஆய்வில் பங்குபற்றுநரை ஏமாற்றுவது பற்றி ஒரு கேள்வி

முரசுமோட்டை மாணவி எழுதியது:

வணக்கம். நான் உளவியலைச் சிறப்புப் பாடமாகக் கற்கும் இறுதியாண்டு மாணவி. ஆய்வேட்டுக்கான முன்மொழிவை அடுத்த மாதம் அறநெறி மீளாய்வுக் குழுவிடம் கையளிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னர் இங்குள்ள மூத்தவர்களிடம் ஒரு விடயத்தைக் கேட்டுத் தெளிய விரும்புகிறேன்.

மீள்குடியேறிய கிராமங்களில் மனிதர்கள் முகம் தெரியாத ஒருவரை எந்த அளவுக்கு நம்புகிறார்கள் என்பதே என் ஆய்வு. இலங்கையின் வடக்கில் கூட்டு மனவடு, அதாவது ஒரு சமூகமே சேர்ந்து சுமக்கும் மனக்காயம் பற்றி மருத்துவர் தயா சோமசுந்தரம் 2007இல் வெளியிட்ட கட்டுரை, நீண்ட போருக்குள் வாழ்ந்த சமூகங்கள் பிறரில் தங்கியவையாகவும் மௌனமானவையாகவும் சந்தேகம் மிகுந்தவையாகவும் மாறியிருந்ததை விவரிக்கிறது. அது மனிதர்கள் சொன்னவற்றை வைத்து எழுதப்பட்டது. அவர்கள் செய்வதை வைத்து அதையே அளந்து பார்க்க முடியுமா என்று யோசித்தேன்.

1995இல் பேர்க், டிக்ஹோட், மெக்கேப் ஆகிய மூவர் வெளியிட்ட நம்பிக்கை விளையாட்டைச் சிலர் அறிந்திருப்பீர்கள். ஒருவரிடம் பத்து டொலர் கொடுக்கப்படும். அதில் விரும்பிய தொகையை அவர் இன்னோர் அறையிலுள்ள, தாம் அறியாத ஒருவருக்கு அனுப்பலாம். அனுப்பியது மூன்று மடங்காகி மற்றவரிடம் போகும். அவர் விரும்பினால் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புவார், விரும்பாவிட்டால் முழுவதையும் வைத்துக்கொள்வார். நான் டொலருக்குப் பதிலாகப் பத்து நூறு ரூபாய்த் தாள்களைக் கொடுக்கவிருக்கிறேன். விசுவமடுப் பக்கத்திலுள்ள ஒரு கிராமத்தின் பொதுநோக்கு மண்டபத்தில், அறுபது தாய்மாரை ஒவ்வொருவராக அழைத்து, அடுத்த அறையில் வேறு ஊரிலிருந்து வந்த ஒருவர் இருப்பதாகவும், அவரும் இடம்பெயர்ந்து மீண்டவர்தான் என்றும் சொல்வேன். உண்மையில் அந்த அறையில் எவரும் இருக்கமாட்டார். பாதிப் பேருக்கு, அனுப்பியதைவிடக் கூடுதலான பணம் உறையில் திரும்பி வரும். மறுபாதிப் பேருக்கு வெற்று உறை வரும். அதன் பின்னர், அயலவரை நம்புவது பற்றிய வினாக்கொத்தை நிரப்பக் கொடுப்பேன். முடிவில் உண்மையைச் சொல்லி, எல்லோருக்கும் ஒரே தொகையைக் கொடுத்து அனுப்புவேன்.

உளவியலில் இது வழமையானது என்றும், பின்விளக்கம், அதாவது முடிவில் உண்மையைச் சொல்லி விளக்குவது, ஒழுங்காகக் கொடுத்தால் குழு மறுக்காது என்றும் என் மேற்பார்வையாளர் சொல்கிறார். அவர் சொல்வதை ஏற்றுக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் இதை விளக்கியபோது, சுளகைக் கீழே வைத்துவிட்டு, "ஆளில்லாத அறையைக் காட்டி ஆள் இருக்குதெண்டு சொல்லப் போறியோ? அதுவும் இந்தச் சனத்திட்டையோ?" என்று கேட்டார். மகன் எங்கோ இருக்கிறான் என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, போர் முடிந்த 2009இலிருந்து அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் பெண்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருவர் இருக்கிறார்கள். அந்த அறுபது பேரில் அப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள் என்பது எனக்கு அதுவரை தோன்றவில்லை.

பின்னர் உண்மையைச் சொல்லிவிட்டால் முன்னர் சொன்ன பொய் சரியாகிவிடுமா? அல்லது அம்மாவின் கேள்வி என் ஆய்வுக்குப் பொருந்தாத உணர்ச்சிப் பேச்சா?

*

ஓய்வுபெற்ற விரிவுரையாளர் எழுதியது:

அன்புள்ள பிள்ளைக்கு,

உமது மேற்பார்வையாளர் சொன்னது பாதிதான் சரி. அமெரிக்க உளவியல் சங்கத்தின் 2002ஆம் ஆண்டு அறநெறிக் கோவை ஏமாற்றுதலை முற்றாகத் தடை செய்யவில்லை. ஆனால் ஆய்வினால் குறிப்பிடத்தக்க பயன் கிடைக்கும் என்பதையும், ஏமாற்றாமல் அதே விடையைப் பெறும் வழி நடைமுறையில் இல்லை என்பதையும் ஆய்வாளரே நிறுவ வேண்டும் என்கிறது. உடல் வலியையோ கடுமையான மனத்துயரையோ தரக்கூடிய ஆய்வென்றால் அதைப் பற்றிப் பொய் சொல்லவே கூடாது. உண்மையை இயன்றளவு விரைவில், விரும்பத்தக்கதாக அவரது பங்கு முடிந்தவுடனேயே சொல்லி, அவர் தம் தரவைத் திரும்பப் பெறவும் இடம் கொடுக்க வேண்டும். நீர் கடைசியாக உள்ள பின்விளக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, முதலில் உள்ள இரண்டையும் தாண்டிவிட்டீர்.

இந்த விதிகள் எப்படி வந்தன என்பது உமது பாடநூலில் இருக்கும். யேல் பல்கலைக்கழகத்தில் 1961இல் ஸ்ரான்லி மில்கிரம் தொடங்கிய ஆய்வில், பங்குபற்றுநர் ஆய்வாளரின் சொற்படி அடுத்த அறையில் உள்ளவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பினார்கள். அங்கிருந்து அலறியவர் உண்மையில் மின்னதிர்ச்சி எதையும் பெறவில்லை. 40 பேரில் 26 பேர் 450 வோல்ற்று வரை போனார்கள். பின்னர் அனுப்பிய படிவத்துக்குப் பதிலளித்தவர்களில் 84 வீதமானோர் பங்குபற்றியதில் மகிழ்ச்சியே என்று எழுதியதை மில்கிரம் தமக்குச் சாதகமாகக் காட்டினார். உளவியலாளர் டயானா போம்ரின்ட் 1964இலேயே அதை மறுத்தார். ஆய்வுகூடத்துக்கு வருபவர் அங்குள்ளவரை நம்பி, அவர் சொற்படி நடக்கும் மனநிலையோடு வருகிறார். அந்த நம்பிக்கையையே கருவியாக்கியது தவறு என்பது அவரது வாதம். இதை எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை.

பலரும் பேசாத ஒன்றை உமக்குச் சொல்ல வேண்டும். 1962இல் பேர்க்கன் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்க இராணுவத்தினரை வைத்துச் செய்த நெருக்கீட்டு ஆய்வுகள் வெளியாயின. ஒன்றில், புதிதாகச் சேர்ந்த படையினரை விமானத்தில் ஏற்றி, நடுவானில் இயந்திரம் பழுதாகிவிட்டதாகக் காட்டி, விமானம் கடலில் இறங்கப் போகிறது என்று அறிவித்தார்கள். அந்த வேளையிலேயே அவர்களிடம் படிவங்களைக் கொடுத்தார்கள்: நீ இறந்தால் உன் உடைமைகளை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. இன்னொன்றில், தனியாகக் காவல் நிலையில் இருக்கும் படையினனுக்கு வானொலியில், பீரங்கிச் செல்கள் குறி தவறி அவன் பக்கமாக விழுகின்றன என்று சொல்லி, அண்மையில் வெடிகளையும் வெடிக்க வைத்து, அவனது வானொலிக் கருவியையும் பழுதாக்கி, அதை அவன் திருத்தும் வேகத்தை அளந்தார்கள். பதுங்குகுழிக்குள் இருந்து எழும்பி வந்த ஊரில் இருந்துகொண்டு அந்தக் கட்டுரையை வாசித்தபோது, அட்டவணையில் இருந்த எண்கள் எனக்குக் கண்ணில் படவில்லை. எழுதியவர்களுக்கு அந்தச் சத்தம் ஒரு மாறி, ஆய்வில் மாற்றிப் பார்க்கும் ஒரு காரணி மட்டும். அதைக் கேட்டவனுக்கு அது என்னவென்று நமக்குத் தெரியும்.

உமது அம்மா கேட்டதும் அந்த வகைக் கேள்விதான். அறுபது அமெரிக்க மாணவர்களுக்கு, அடுத்த அறையில் ஆள் இல்லை என்று பின்னர் அறிவது ஒரு சிரிப்போடு முடிந்துபோகலாம். அந்த அளவுகோலை அப்படியே கொண்டுவந்து விசுவமடுவில் வைக்க முடியாது. மனத்துயர் கடுமையானதா இலேசானதா என்பதைப் பொய்யை மட்டும் பார்த்துத் தீர்மானிக்க இயலாது. அதைக் கேட்பவர் முன்னர் எதையெல்லாம் கேட்டவர் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்க வேண்டும்.

பின்விளக்கம் பொய்யைத் துடைத்துவிடும் என்பதற்கும் ஆதாரம் பலவீனம். 1975இல் லீ ரொஸ், லெப்பர், ஹபார்ட் ஆகியோர் ஒரு சோதனை செய்தார்கள். தற்கொலைக் குறிப்புகளில் உண்மையானது எது, புனைந்தது எது என்று கண்டுபிடிக்கச் சொல்லி, சிலருக்கு நீங்கள் மிகத் திறமையானவர் என்றும் சிலருக்குத் திறமை குறைந்தவர் என்றும் பொய்யான முடிவைக் கொடுத்தார்கள். பின்னர் அந்த முடிவு இட்டுக்கட்டியது, உங்கள் விடைகளோடு தொடர்பற்றது என்று தெளிவாகச் சொன்ன பிறகும், திறமை குறைந்தவர் என்று கேட்டவர்கள் தம்மைத் திறமை குறைந்தவராகவே மதிப்பிட்டார்கள். இப்படி ஓர் எண்ணம் மனத்தில் தங்கிவிடும் இயல்பு உண்டு என்பதையே விளக்கிச் சொன்னபோதுதான் அது பெரிதும் குறைந்தது. உமது வெற்று உறையைப் பெறும் முப்பது தாய்மாரிடமும், "என்னைப் போல இடம்பெயர்ந்த ஒருத்தி என்னை ஏய்த்துவிட்டாள்" என்ற எண்ணம் விதைக்கப்படும். அதைப் பிடுங்கி எடுக்கும் பொறுப்பு உம்முடையது.

*

வெளிக்கள ஊழியர் எழுதியது:

ஐயா சொன்ன பின்விளக்கத்தை நான் என் வாயாலேயே வாசித்திருக்கிறேன். அந்த அனுபவத்தை எழுதுவது தங்கைக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

2013ஆம் ஆண்டளவில் ஓர் ஆய்வுக்குத் தரவு சேகரிப்பாளராக வேலை செய்தேன். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. புதுக்குடியிருப்புப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், குடும்பத் தலைமை தாங்கும் பெண்களுக்கு வடிவங்களை ஒழுங்குபடுத்தும் ஒரு புதிரைக் கொடுத்து, எப்படிச் செய்திருந்தாலும் சரி, "உங்கள் ஊரில் பெரும்பாலானவர்கள் உங்களைவிடக் கூடுதலான புள்ளி எடுத்திருக்கிறார்கள்" என்று சொல்லி, அடுத்த வேலையில் அவர்கள் எவ்வளவு நேரம் முயல்கிறார்கள் என்று குறிக்க வேண்டும். அதன் பின்னர், ஒரு தாளில் உள்ள மூன்று பந்திகளை வாசிக்க வேண்டும். அந்தத் தாள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுத் தமிழாக்கப்பட்டது என்பது அதன் முதல் வரியிலேயே தெரியும்.

கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கும் ஓர் அக்கா இருந்தார். என்னைக் கண்டதும் வீட்டிலிருந்த ஒரேயொரு பிளாஸ்ரிக் கதிரையைத் துடைத்து முற்றத்தில் போட்டுவிட்டு, தான் திண்ணை விளிம்பில் இருந்தார். புதிரைச் செய்தார், உண்மையில் அன்று நான் கண்டவர்களில் அவர்தான் விரைவாகச் செய்தவர். நான் பொய்யான புள்ளியைச் சொன்னேன். தலையை ஆட்டினார். பின்விளக்கத் தாளை வாசித்து முடித்தபோது, அவர் கோபப்படவில்லை. "நான் எட்டாம் வகுப்பு மட்டும் படிச்சனான். நீங்கள் சொன்னதைச் சரியெண்டுதான் நினைச்சனான். அப்ப இப்ப வாசிச்சது?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. இரண்டையும் ஒரே குரலில், ஒரே முகத்தோடு, ஒரே தாள்கட்டிலிருந்து வாசித்தவன் நான். எதை நம்புவது என்று அவர் எதைக் கொண்டு முடிவெடுப்பார்?

பிறகு தன்னுடைய தாளைத் திருப்பித் தரச் சொன்னார். தாளில் பெயர் இல்லை, இலக்கம் மட்டும்தான் இருக்கிறது என்றேன். இலக்கமும் பெயரும் உள்ள பட்டியல் எங்கே என்று கேட்டார். அது மேற்பார்வையாளரின் வாகனத்தில் இருந்தது. வாகனம் மதியமே புறப்பட்டிருந்தது. தேநீர் தந்தார். நான் குடித்து எழும்பியதும் கதிரையை எடுத்து உள்ளே வைத்தார். அடுத்த மாதம் வேறு வேலையாக அந்த ஒழுங்கையால் போனபோது வணக்கம் சொன்னார். கதிரை வெளியே வரவில்லை.

தங்கை, உங்களுடைய திட்டத்தில் என்னைத் தடுப்பது வேறொன்று. அடுத்த அறையில் ஆள் இருப்பதாகச் சொல்வது உங்கள் வாயால் சொல்லப்படும் பொய். அதற்கு முன்னரே, சொல்லப்படாத ஒரு பொய் அந்த மண்டபத்துக்குள் வந்து இருந்துவிடும். மாதர் சங்கத் தலைவி தாய்மாரைக் கூப்பிடும்போது, "கம்பசிலிருந்து பிள்ளைகள் பதிவுக்கு வருகினம்" என்பார். பதிவு என்ற சொல்லுக்கு நமது ஊர்களில் என்ன பொருள் என்று உங்களுக்கே தெரியும். மெனிக் பாம் முகாமில் பதிவு, மீள்குடியேற்றத்துக்குப் பதிவு, வீட்டுத்திட்டத்துக்குப் பதிவு, வாழ்வாதார உதவிக்குப் பதிவு, காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்குப் பதிவு. பெயர் பட்டியலில் விடுபட்டால் என்ன ஆகும் என்று அனுபவத்தில் கண்டவர்கள், நீங்கள் நீட்டும் சம்மதப் படிவத்தை வாசித்துவிட்டா ஒப்பமிடுவார்கள்? "விரும்பினால் எந்த வேளையிலும் விலகலாம்" என்ற வரியை நான் நூற்றுக்கணக்கான தடவை வாசித்திருக்கிறேன். ஒருவரும் விலகியதில்லை. அது என் ஆய்வு நல்லது என்பதற்குச் சான்றல்ல.

*

ஓய்வுபெற்ற விரிவுரையாளர் எழுதியது:

அழைப்பு பற்றி வெளிக்கள ஊழியர் சொன்ன இரண்டாவது விடயத்தோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அலபாமாவின் ரஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை நடந்த மேகநோய் (சிபிலிஸ்) ஆய்வு உளவியல் ஆய்வல்ல. ஆனாலும் இந்த இடத்தில் அது பொருந்தும். ஏறத்தாழ 600 கறுப்பின ஆண்களுக்கு, "கெட்ட இரத்தத்துக்கு" இலவசச் சிகிச்சை என்று சொல்லப்பட்டது. 1940களின் பிற்பகுதியில் அந்நோயைக் குணமாக்கும் பெனிசிலின் வழக்கத்துக்கு வந்த பின்னரும் அது அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. நோயின் போக்கை அறிய முதுகுத்தண்டில் ஊசி ஏற்றி நீர் எடுக்க வேண்டியிருந்தபோது, அதைச் "சிறப்பு இலவசச் சிகிச்சை" என்று கடிதம் எழுதி அழைத்தார்கள். அங்கே பொய் ஆய்வின் உள்ளே ஒளித்து வைக்கப்படவில்லை, அழைப்பிலேயே இருந்தது. அது வெளியானதன் விளைவாகவே 1974இல் அமெரிக்காவில் ஆய்வுக்கான சட்டமும் 1979இல் மனிதரை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கான அறநெறிகளை வகுத்த பெல்மொன்ட் அறிக்கையும் வந்தன. அழைப்பைச் சரியாக எழுதாதவரின் சம்மதப் படிவத்தைக் குழு பார்த்து என்ன பயன்?

*

மாங்குளத்தான் எழுதியது:

எல்லோரும் ஒரு பக்கமாகவே சாய்வதால் எதிர்ப்பக்கத்தையும் எழுதுகிறேன். என்னை ஈரமில்லாதவன் என்று நினைக்க வேண்டாம். நானும் இறுதிப் போரில் மாத்தளன் வரை நடந்து போனவன்தான்.

வன்னிச் சனம் கண்ணாடிப் பாத்திரம், தொட்டால் உடைந்துவிடும் என்ற பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக நம்மைப் பற்றி எழுதப்படும் அறிக்கைகள் எல்லாம் அந்தத் தொனியில்தான் இருக்கின்றன. ஒரு தாய் நூறு ரூபாய்த் தாள்களை வைத்து விளையாடியதற்காக மனமுடைந்து போவாள் என்று முன்கூட்டியே தீர்மானிப்பதும் அவளை மதிக்காத செயல்தான்.

இரண்டாவதாக, பொய் சொல்லாமல் கேட்டால் உண்மையான விடை வருமா? அயலவரை நம்புகிறீர்களா என்று வினாக்கொத்தில் கேட்டுப் பாருங்கள். நம்முடைய ஆட்கள் வினாக்கொத்துக்குப் பதில் சொல்லித் தேறியவர்கள். கேட்பவர் எந்த நிறுவனம், எந்தப் பதிலுக்கு எந்தத் திட்டம் வரும் என்று கேள்வி முடிய முன்னரே கணித்துவிடுவார்கள். 1950களில் சொலமன் ஆஷ் கோடுகளின் நீளத்தைக் கேட்ட ஆய்வில், சுற்றியிருந்து வேண்டுமென்றே பிழையான விடை சொன்னவர்கள் எல்லோரும் ஆய்வாளரின் ஆட்கள் என்று முதலே சொல்லியிருந்தால், பெரும்பான்மையோடு ஒத்துப்போக மனிதர் கண்ணால் கண்டதையும் மறுப்பார்கள் என்பது நமக்குத் தெரியவந்திருக்காது.

மூன்றாவது விடயத்தை ஒருவரும் தொடவில்லை. யாரை ஏமாற்றுகிறோம் என்பது முக்கியம் இல்லையா? பொஸ்ரனிலும் சிக்காகோவிலும் ஏறத்தாழ 5,000 போலியான வேலை விண்ணப்பங்களை அனுப்பி, பெயரை மட்டும் மாற்றிப் பார்த்த பேர்ட்ரண்ட், முல்லைநாதன் ஆகியோரின் ஆய்வு 2004இல் வெளியானது. வெள்ளையர் பெயர் போன்றவற்றுக்கு, கறுப்பினத்தவர் பெயர் போன்றவற்றைவிட 50 வீதம் கூடுதலான அழைப்புகள் வந்தன. அந்த நிறுவனங்களிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டிருந்தால், நாங்கள் பாகுபாடு காட்டுவதில்லை என்ற பதில்தான் கிடைத்திருக்கும். கிளிநொச்சி முகவரியோடும் வேறு மாவட்ட முகவரியோடும் ஒரே தகைமையுள்ள விண்ணப்பத்தை யாராவது அனுப்பிப் பார்ப்பதாக இருந்தால் நான் முத்திரைச் செலவைத் தருகிறேன். ஏமாற்றுதல் என்ற கருவியையே வீசிவிட்டால், பலமுள்ளவர்களின் கதவு நமக்கு எப்போதும் பூட்டியே இருக்கும்.

*

வெளிக்கள ஊழியர் எழுதியது:

மாங்குளத்தான் அண்ணாவின் மூன்றாவது வாதத்தை முழுமையாக ஏற்கிறேன். அதுவே அவரது முதலாவது வாதத்துக்கு விடையாகவும் இருக்கிறது. நிறுவனத்துக்குப் போலி விண்ணப்பம் போனால் ஒரு முகாமையாளரின் பத்து நிமிடம் வீணாகும்; கோபம் வந்தால் வழக்கறிஞரிடம் போவார், பத்திரிகைக்கு எழுதுவார். அந்த இடியப்பக்கார அக்கா பலவீனமானவர் என்று நான் சொல்லவில்லை. கோபப்பட அவருக்கு இடம் இருக்கவில்லை என்கிறேன். என்னிடம் கோபித்தால் அடுத்த பட்டியலில் பெயர் வராமல் போய்விடுமோ என்ற யோசனை அவருக்கு இருந்திருக்கும். அதனால்தான் தேநீர் வந்தது. பின்விளக்கத்தைக் கேட்டவர் நம்மைத் திட்டலாம் என்ற நிலை இருந்தால் மட்டுமே அது பின்விளக்கம். இல்லாவிட்டால் அது இன்னோர் அறிவித்தல்.

*

எண்ணிப் பார்ப்பவன் எழுதியது:

நான் பொருளியல் படித்தவன். அறநெறியைப் பெரியவர்கள் பேசிவிட்டார்கள். நான் வேலையைப் பற்றிச் சொல்கிறேன்.

பரிசோதனைப் பொருளியலில் பங்குபற்றுநரை ஏமாற்றுவது நடைமுறையில் தடை. அந்தத் துறையின் முதன்மை இதழ்களில் ஒன்று, ஏமாற்றிச் செய்த ஆய்வைப் பிரசுரத்துக்கு எடுத்துக்கொள்வதே இல்லை. காரணம் பெரும்பாலும் தன்னலம்தான்: இன்று நீங்கள் பொய் சொன்னால், நாளை நான் உண்மையைச் சொன்னாலும் பங்குபற்றுநர் நம்பமாட்டார், நம்பாதவர் விளையாடும் விளையாட்டிலிருந்து எடுத்த எண் எதற்கும் உதவாது. ஒரே கிணற்றில் எல்லோரும் அள்ளுகிறோம். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஆண்டுதோறும் புதிய மாணவர்கள் வருவதால் அந்தக் கிணறு ஊறிக்கொண்டிருக்கும். விசுவமடுவில் அறுபது தாய்மாரை ஏமாற்றினால், அன்று மாலை குழாயடியில் அந்தக் கதை ஊர் முழுவதும் போய்விடும். சகோதரியின் இருபதாவது பங்குபற்றுநர் வரும்போதே, அடுத்த அறையில் ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். ஆகவே மாங்குளத்தானின் இரண்டாவது வாதத்தை எடுத்துக்கொண்டாலும், இங்கே பொய் சொல்லி உண்மையான விடையைப் பெற முடியாது.

உண்மையான ஆளைக் கொண்டுவருவது கடினமில்லை. முதலில் இன்னொரு கிராமத்துக்குப் போய், உடையார்கட்டு என்று வைத்துக்கொள்வோம், அங்கே இருபது முப்பது பேரைக் கூட்டி, "உங்களுக்கு ஒருவர் நூறு ரூபாய் அனுப்பி அது முந்நூறாக வந்தால் எவ்வளவு திருப்புவீர்கள், இருநூறு அனுப்பினால் எவ்வளவு, ஆயிரம் வரை ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள்" என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும். அதன் பின்னர் விசுவமடுவில் ஒவ்வொரு தாயையும் அவர்களில் ஒருவரோடு சீட்டுக் குலுக்கி இணைக்கலாம். அடுத்த அறை தேவையே இல்லை. "உடையார்கட்டில் உள்ள ஒருவர் ஏற்கனவே எழுதிக் கொடுத்திருக்கிறார்" என்று சொல்வது முழு உண்மை. பணமும் உண்மையாகவே கைமாற வேண்டும். சிலர் ஒன்றும் திருப்பமாட்டார்கள். சிலர் பாதியைத் திருப்புவார்கள். உங்கள் இரண்டு நிலைகளும் தாமாகவே கிடைக்கும்.

ஒரு நட்டம் உண்டு. எத்தனை பேருக்கு வெற்று உறை வரும் என்பது உங்கள் கையில் இருக்காது. சரிபாதி வேண்டும் என்பதற்காக, ஒன்றும் திருப்பாதவர்களையே தேடித் தேடி இணைத்துவிட்டு அதைத் தாய்மாரிடம் மறைத்தால், பொய்யை வாசலால் அனுப்பிவிட்டு யன்னலால் கூப்பிட்டது போலாகும். கட்டுப்பாடு மிகவும் தேவையென்றால் பார்ட்ஸ்லி 2000இல் எழுதிய வழி இருக்கிறது: பல நிலைமைகளைக் காட்டி, இவற்றில் ஒன்று மட்டுமே உண்மையானது, மற்றவை நாங்கள் புனைந்தவை, உண்மையானதற்கே பணம் கொடுக்கப்படும், எது என்று முடிவில் காட்டுவோம் என்று முதலே சொல்லிவிடுவது. எது உண்மையென்று தெரியாததால் ஒவ்வொன்றையும் உண்மைபோல எண்ணியே முடிவெடுப்பார்கள். படித்த மாணவர்களிடம் இது நன்றாக வேலை செய்யும். தாய்மாருக்கு விளங்கப்படுத்த அரை மணி நேரம் போகும் என்பதால் நான் முதலாவதையே பரிந்துரைப்பேன்.

*

மாங்குளத்தான் எழுதியது:

குழாயடியை மறந்துவிட்டேன். அந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. போலி விண்ணப்பம் பற்றிச் சொன்னதை மட்டும் மீளப் பெறமாட்டேன்.

*

முரசுமோட்டை மாணவி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாட்களாகத் திரும்பத் திரும்ப வாசித்தேன். மேற்பார்வையாளரிடமும் இந்தப் பதிவுகளைக் காட்டினேன். புதிய முறையில் பாதிப் பாதியாகப் பிரிக்க முடியாமல் போவது புள்ளிவிவரப் பகுப்பாய்வைப் பலவீனப்படுத்தும் என்று சொன்னார், ஆனால் மறுக்கவில்லை.

இரு கிராமங்களில் செய்யவிருக்கிறேன். முதற் சனிக்கிழமை உடையார்கட்டுச் சனசமூக நிலையத்தில் எழுதி வாங்குவேன். அடுத்த சனிக்கிழமை விசுவமடுவில் விளையாட்டு. எல்லோரையும் ஒரே நாளில் முடித்துவிடுவேன், குழாயடிக்கு முன்னர். அன்று மாலையே உறைகளை முச்சக்கரவண்டியில் கொண்டுபோய் உடையார்கட்டில் கொடுப்பேன். என்னிடம் உள்ள பணத்துக்கு அறுபது பேரை எடுக்க முடியாது, முப்பதாகக் குறைத்திருக்கிறேன். நம்பிக்கை பற்றியது என்பதை முதலே சொன்னால் விடை மாறிவிடும் என்பதால், பணம் பற்றிய முடிவுகளை ஆராய்கிறேன் என்று மட்டும் சொல்லி, "இதன் நோக்கம் முழுவதையும் இப்போது சொல்லமாட்டேன், முடிவில் சொல்வேன், அதற்குச் சம்மதமா" என்று தொடக்கத்திலேயே கேட்பேன். இது மறைத்தல்தான், ஆனால் மறைக்கிறேன் என்பதை மறைக்கவில்லை. ஐயா இதையும் ஏமாற்றுதல் என்று சொல்வாரோ தெரியாது.

மாதர் சங்கத் தலைவிக்கு அழைப்பை நானே எழுதிக் கொடுக்கிறேன். இதில் பதிவு இல்லை, பெயர்ப்பட்டியல் இல்லை, எந்த உதவித் திட்டத்தோடும் தொடர்பு இல்லை, வராதவருக்கு எந்தக் குறையும் வராது என்று முதல் இரண்டு வரியிலேயே இருக்கும். இலக்கத்தைத் தாளிலும் கிழித்தெடுக்கக்கூடிய அதன் ஓரத்திலும் எழுதி, அந்த ஓரத் துண்டை அவரவர் கையிலேயே கொடுத்துவிடுவேன். முடிவில் நோக்கத்தைக் கேட்டபின் விரும்பாதவர், துண்டைக் காட்டித் தன் தாளை அந்த மண்டபத்திலேயே எடுத்துக் கிழிக்கலாம். விளையாட்டில் கிடைத்த பணம் அவருக்குத்தான்.

அம்மாவிடம் மறுபடியும் விளக்கினேன். உடையார்கட்டில் ஆள் உண்மையாகவே இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, வெற்று உறை வருகிறவளுக்கு யார் அனுப்பியது என்று சொல்லாதே என்றார். சொல்லமாட்டேன், எனக்கும் அது தெரியாதபடி உறைகளை இன்னொருவர் அடுக்குவார்.

இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. விசுவமடு முன்பள்ளியில் நான் ஓராண்டு உதவி ஆசிரியையாக இருந்ததால், அந்தத் தாய்மாரில் பலருக்கு நான் ரீச்சர். நான் சம்மதப் படிவத்தை வாசித்தால் எவரும் மறுக்கப் போவதில்லை. அந்த ஊராரை முன்னர் அறியாத, நன்றாகத் தமிழ் வாசிக்கக்கூடிய ஒருவர் அந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து மதியம் வரை வந்து உதவ முடியுமா? போக்குவரத்துச் செலவும் மதியச் சாப்பாடும் தருவேன். இயன்றவர்கள் தனிமடலில் எழுதவும்.